பூங்கா யாருக்குப் பொது? ஒரு தேசியச் சங்கத்தின் வரலாறும் காலனிக்கு வராத விளையாட்டுத் திடலும்

ஓமந்தூர் என்ற பெயரைக் கேட்டதும் சென்னைக் கல்லூரி மாணவர்கள் பலருக்கும் ஓமந்தூரார் அரசினர் தோட்டம்தான் நினைவுக்கு வரும். பெயரில் தோட்டம் இருந்தாலும் அது பொதுமக்கள் உலாவும் பூங்கா அன்று, அரசு வளாகம். அந்தப் பெயருக்கு உரிய ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்தை அடுத்து இருக்கிறது. அவ்வூரில் பிறந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக, இன்றைய வழக்கில் முதலமைச்சராக, இருந்தார். ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயில் கதவைத் திறந்த 1947ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அவரது ஆட்சிக் காலத்தில் நடைமுறைக்கு வந்தது.

கோயில் நுழைவின் வரலாறு நம் பாடநூல்களில் இருக்கிறது. பூங்கா நுழைவின், விளையாட்டுத் திடல் நுழைவின் வரலாறு எங்கும் இல்லை. சாமி கும்பிடும் உரிமைக்காகப் போராடியதை வரலாறாக ஏற்றுக்கொள்ளும் சமூகம், மாலை நேரத்தில் மரத்தடியில் உட்காரும் உரிமையையும் பிள்ளைகள் பந்து விளையாடும் உரிமையையும் அற்பமாகக் கருதுகிறது. ஆனால் இவ்வட்டாரத்தில் சட்ட விழிப்புணர்வுக் கூட்டங்களுக்குச் செல்லும்போது மாணவர்கள் நம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "ஊர்த் திடலில் விளையாட விடுவதில்லை. புகார் சொன்னால், காலனிக்குத் தனியாக ஒரு திடல் அமைத்துத் தருகிறோம் என்கிறார்கள். அதை வாங்கிக்கொள்வதா, மறுப்பதா?"

எளிதில் பதில் சொல்ல இயலாத கேள்வி இது. நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் நாடெங்கும் பரப்பப் புறப்பட்ட ஒரு தேசிய அமைப்பு இதே கேள்வியை எதிர்கொண்டது. அது என்ன செய்தது, எங்கே நின்றுபோனது என்பதை அறிந்துகொள்வது நமக்குப் பயன்படும்.

திடல் இயக்கம் பிறந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கத் தொழில் நகரங்களில் குடியேறிய ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குத் தெருவைத் தவிர விளையாட இடம் இல்லை. 1885இல் பாஸ்டன் நகரில் சிறுவர்களுக்காக மணல் குவியல்கள் அமைக்கப்பட்டன. அந்தச் சிறிய தொடக்கம் பல நகரங்களுக்குப் பரவியது. 1906இல் லூதர் குலிக், சமூகப் பணியாளர் ஜேன் ஆடம்ஸ் உள்ளிட்டோர் வாஷிங்டனில் கூடி அமெரிக்க விளையாட்டுத் திடல் சங்கத்தை நிறுவினர். அன்றைய குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் அதன் மதிப்புறு தலைவரானார்.

இச்சங்கத்தின் அடிப்படை வாதம் எளிமையானது: விளையாட்டு செல்வர்களின் பொழுதுபோக்கு அன்று, ஒவ்வொரு குழந்தைக்கும் உரிய தேவை, ஆகவே அதற்கான இடத்தைப் பொதுப் பணத்தில் அமைத்துப் பராமரிப்பது உள்ளாட்சியின் கடமை. 1911இல் சங்கத்தின் பெயரில் 'பொழுதுபோக்கு' என்ற சொல்லும் சேர்ந்தது. 1930இல் அது தேசியப் பொழுதுபோக்குச் சங்கமானது. 1965இல் பூங்கா நிர்வாகிகளின் அமைப்பு உள்ளிட்ட வேறு சில அமைப்புகளோடு இணைந்து, இன்றும் இயங்கும் தேசியப் பொழுதுபோக்கு மற்றும் பூங்காச் சங்கமாக உருவெடுத்தது.

இவ்வியக்கத்தின் ஒரு கிளை தமிழ்நாட்டுக்கும் வந்தது. லூதர் குலிக் ஆசிரியராக இருந்த ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் 1919இல் சென்னைக்கு வந்தார். 1920இல் அவர் தொடங்கிய உடற்பயிற்சிப் பள்ளிதான் இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. நம் பள்ளிகளின் உடற்கல்வி மரபு அங்கிருந்து வளர்ந்தது. ஆனால் உடற்கல்வி பள்ளி வளாகத்தின் மதிலுக்குள் நின்றுவிட்டது. 'ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு பொதுத் திடல்' என்ற கோரிக்கை இங்கே மக்கள் இயக்கமாக வளரவில்லை. பள்ளியை விட்டு இடைநின்ற தலித் பிள்ளை திடலையும் சேர்த்தே இழந்தது.

தண்ணீரில் ஒரு கோடு

அமெரிக்கத் திடல் இயக்கத்துக்கு ஓர் இருண்ட பக்கம் உண்டு. 'எல்லாக் குழந்தைகளுக்கும்' என்று அது சொன்னபோது கறுப்பினக் குழந்தைகள் அந்த 'எல்லா'வுக்குள் பெரும்பாலும் இருக்கவில்லை. தென்மாநிலங்களில் பூங்கா, நீச்சல் குளம், கடற்கரை அனைத்தும் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. வடக்கே எழுதாத சட்டம் அதே வேலையைச் செய்தது.

1919 ஜூலை 27 அன்று சிகாகோவின் ஏரிக்கரையில் குளித்துக்கொண்டிருந்த யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் மிதந்து சென்றபோது, வெள்ளையர் தமக்கென வைத்துக்கொண்ட பகுதிக்குள் போய்விட்டான். தண்ணீரில் கோடு எதுவும் இல்லை. கரையில் இருந்தவர்களின் மனத்தில் இருந்தது. கல் எறியப்பட்டது, சிறுவன் மூழ்கி இறந்தான். கல்லெறிந்தவரைக் காவலர் கைது செய்ய மறுத்ததைத் தொடர்ந்து மூண்ட கலவரத்தில் 38 பேர் உயிரிழந்தனர்.

இந்த நிகழ்வை நாம் தொலைதூரக் கதையாகப் படிக்க முடியாது. 2023 ஜூனில் குஜராத்தின் பாட்டன் மாவட்டம் காக்கோஷி கிராமத்தில் பள்ளித் திடலில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த தலித் சிறுவன் தன் பக்கம் வந்த பந்தைக் கையில் எடுத்தான். அதில் தொடங்கிய தகராறின் முடிவில் அவனுடைய மாமாவின் கட்டைவிரல் வெட்டப்பட்டது. சிகாகோவில் தண்ணீரில் இருந்த கோடு, காக்கோஷியில் பந்தின் மேல் இருந்தது.

சிகாகோ கலவரத்துக்கு மறு ஆண்டு, 1920இல், திடல் சங்கம் கறுப்பின மக்களுக்கான பணியகம் ஒன்றைத் தொடங்கியது. டஸ்கீகி நிறுவனத்திலிருந்து வந்த கறுப்பினத்தவரான எர்னஸ்ட் அட்வெல் அதன் பொறுப்பேற்றார். நகரம் நகரமாகச் சென்று, கறுப்பினக் குடியிருப்புகளில் திடல்களும் பொழுதுபோக்கு மையங்களும் அமைக்கவும், அவற்றில் கறுப்பினப் பணியாளர்களை நியமிக்கவும் உள்ளூர் நிர்வாகங்களை இணங்க வைத்தார். தெருவில் கிடந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அதனால் இடம் கிடைத்தது. அந்தப் பணியை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் சங்கம் பிரிவினையை எதிர்க்கவில்லை. பிரிவினைக்குள் வசதி செய்து கொடுத்தது. 1896இல் 'பிரித்து வை, ஆனால் சமமாக வை' என்ற கோட்பாட்டுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்திருந்த ஒப்புதலின் நிழலில் அது பணியாற்றியது. நடைமுறையில் பிரித்தல் நடந்தது, சமம் நடக்கவில்லை. கறுப்பினத்தவரின் திடல்கள் எண்ணிக்கையிலும் பரப்பிலும் பராமரிப்பிலும் பின்தங்கியே இருந்தன. அதைவிடப் பெரிய தீங்கு, தனித் திடலே ஒரு பதிலாகிவிட்டது: "உங்களுக்குத்தான் ஒன்று இருக்கிறதே, இங்கே ஏன் வருகிறீர்கள்?"

நீதிமன்றத்தில் பூங்கா

பிரிவினையை உடைத்தவர்கள் கறுப்பின மக்களும் அவர்களுடைய வழக்கறிஞர்களும். மூன்று வழக்குகளை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது மெம்ஃபிஸ் வழக்கு, 1963. பூங்காக்களை ஒரேயடியாகத் திறந்தால் குழப்பம் வரும், படிப்படியாகத் திறக்கிறோம், அவகாசம் கொடுங்கள் என்று நகராட்சி கேட்டது. உச்ச நீதிமன்றம் மறுத்தது. அரசமைப்பு தரும் உரிமை இன்றைக்கு உரியது. எதிர்ப்பு வரும் என்ற அச்சம் அதை ஒத்திவைக்கக் காரணமாகாது என்பது தீர்ப்பின் சாரம். 'சட்டம் ஒழுங்கு' என்ற பெயரில் நம் மாவட்டங்களில் நடக்கும் ஒவ்வொரு சமாதானக் கூட்டத்திலும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது மேக்கன் வழக்கு. அகஸ்டஸ் பேக்கன் என்பவர் 1911ஆம் ஆண்டு எழுதிய உயிலில் வெள்ளையருக்கு மட்டும் என்று ஒரு பூங்காவை விட்டுச் சென்றார். நகராட்சி பேணிவந்த அப்பூங்கா நிறத்தால் பிரிக்கப்படலாகாது என்று 1966இல் தீர்ப்பு வந்தது. உயில் எழுதியவரின் நோக்கம் நிறைவேறாததால் நிலம் வாரிசுகளுக்கே திரும்பலாம் என்று 1970இல் மறு தீர்ப்பு வந்தது. சேர்ந்து பயன்படுத்துவதைவிடப் பூங்காவே இல்லாமல் போவது மேல் என்று முடிந்தது கதை.

மூன்றாவது ஜாக்சன் வழக்கு. மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரம் நீச்சல் குளங்களை அனைவருக்கும் திறப்பதற்குப் பதிலாக மூடிவிட்டது. எல்லோருக்கும் சேர்த்துத்தானே மூடினோம், இதில் பாகுபாடு எங்கே என்று கேட்டது. 1971இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் ஐவர் அதை ஏற்றனர், நால்வர் எதிர்த்தனர். பூட்டு வென்றது.

பூட்டின் அரசியலை விழுப்புரம் மாவட்டத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைந்ததை அடுத்து எழுந்த மோதலால் 2023 ஜூனில் வருவாய்த் துறை அக்கோயிலைப் பூட்டி முத்திரையிட்டது. பல மாதங்கள் அது பூட்டியே கிடந்தது. உரிமை கேட்டவரையும் உரிமையை மறுத்தவரையும் ஒரே பூட்டினால் சமப்படுத்துவது நடுநிலை ஆகாது. மறுத்தவர் விரும்பியது, கேட்டவர் உள்ளே வராமலிருப்பது. பூட்டு அதை நிறைவேற்றிக் கொடுத்துவிடுகிறது.

நம் மண்ணின் சட்ட மரபு

அமெரிக்க வழக்குகளைப் பார்த்து நாம் ஏங்க வேண்டியதில்லை. பொது இடம் பற்றிய சட்ட மரபில் நாம் அவர்களுக்கு முந்தியவர்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த தாத்தா ரெட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றச் செய்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம், சாதியின் பெயரால் தடை இல்லை என்பது அதன் பொருள். அதே ஆண்டில் அது அரசாணையாக வெளிவந்தது. பின்னர் எம்.சி. ராஜாவின் முயற்சியில் 1938ஆம் ஆண்டு சமூக இடையூறுகளை நீக்கும் சட்டம் வந்தது.

பம்பாய் மாகாணத்தில் எஸ்.கே. போலேயின் தீர்மானம் 1923இல் நிறைவேறியது. மகாட் நகராட்சி தன் குளத்தைத் திறப்பதாக அறிவித்தது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களோடு சென்று சவுதார் குளத்து நீரைக் கையில் அள்ளும் வரை அந்தத் தீர்மானம் வெறும் தாளாகவே இருந்தது. அள்ளிய பிறகு தாக்குதல் நடந்தது. நகராட்சி தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. வழக்கு 1937 வரை நடந்து மக்கள் வென்றனர். தீர்மானம் வேறு, புழக்கம் வேறு. புழங்கினால்தான் பொது இடம் பொது ஆகும்.

இந்த மரபின் முதிர்ச்சியே அரசமைப்பின் 15(2) உறுப்பு. அரசு நிதியில் முழுமையாகவோ பகுதியாகவோ பேணப்படும், அல்லது பொதுமக்களுக்கென விடப்பட்ட கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் சாதி காரணமாக எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது அது. 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு பொது இடத்தில் தடுப்பதைக் குற்றமாக்கியது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டத்தின் 3(1)(இசட்.ஏ.) பிரிவு, ஊரின் பொதுச் சொத்து வளங்களையும் எந்தப் பொது இடத்தையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பவருக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. பூங்காவும் திடலும் இதற்குள் அடங்கும்.

ஓட்டை எங்கே?

இத்தனை சட்டம் இருந்தும் திடல் ஏன் காலனிக்கு வரவில்லை? காரணம், இச்சட்டங்கள் யாவும் இருக்கும் இடத்தில் நுழையும் உரிமையைப் பேசுகின்றன. இடம் எங்கே அமைய வேண்டும் என்பதைப் பேசவில்லை.

அரசமைப்பின் 12ஆம் அட்டவணை நகராட்சிகளின் பணிகளில் பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஊராட்சிகளுக்கான 11ஆம் அட்டவணையின் 29 இனங்களில் நூலகம் இருக்கிறது, சந்தை இருக்கிறது. பூங்காவும் திடலும் இல்லை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் சாலை, தெருவிளக்கு, வடிகால், குடிநீர், சுடுகாடு ஆகியவை 110ஆம் பிரிவின்கீழ் கட்டாயக் கடமைகள். பூங்காவும் விளையாட்டுத் திடலும் 111ஆம் பிரிவின்கீழ் விருப்பக் கடமைகள். ஊராட்சி விரும்பினால் அமைக்கலாம். யாருடைய விருப்பம் என்பதுதான் நம் கிராமங்களில் கேள்வி.

விருப்பம் ஆதிக்கச் சாதியின் கையில் இருக்கும்போது, அரசுத் திட்டத்தில் வரும் பூங்கா ஊர்க் கோயிலை ஒட்டியோ ஊர்த் தெருவின் நடுவிலோ அமைகிறது. தடை என்று பலகை எதுவும் வைக்கப்படுவதில்லை. அங்கே போய்ச்சேர ஊர்த் தெரு வழியே நடக்க வேண்டும். சாவி ஊர்க்காரர் ஒருவரிடம் இருக்கும். அவ்வளவு போதும். பெண் பிள்ளைகள் முதலில் நின்றுவிடுவார்கள், பிறகு சிறுவர்களும் நின்றுவிடுவார்கள். குற்றம் நடந்ததற்குச் சாட்சியே இருக்காது.

அமெரிக்கப் பூங்காச் சங்கம் 2017இல் வேறு இரு அமைப்புகளோடு சேர்ந்து ஓர் இயக்கத்தைத் தொடங்கியது: ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா. நல்ல அளவுகோல்தான். ஆனால் நம் கிராமத்தில் நிமிடக் கணக்கு மட்டும் போதாது. அந்தப் பத்து நிமிடம் யாருடைய தெரு வழியாக நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும்.

தனித் திடல்: வாங்குவதா, மறுப்பதா?

மாணவர்களின் கேள்விக்கு வருவோம். நம் நிலைப்பாடு இது: காலனியில் அமையும் திடலை மறுக்க வேண்டாம். இன்று பத்து வயதில் இருக்கும் பிள்ளை நம் கோட்பாட்டு விவாதம் முடியும் வரை காத்திருக்க முடியாது. அட்வெல்லின் பணியில் இருந்த நியாயம் அதுவே. ஆனால் அதை ஊர்த் திடலுக்கு ஈடாக ஒருபோதும் ஏற்கக் கூடாது. அட்வெல்லின் சங்கம் நின்றுபோன இடம் அதுவே. சமாதானக் கூட்டத்தில் "காலனிக்குத் தனித் திடல் தரப்படும், ஊர்த் திடலைக் கோரமாட்டோம்" என்று எழுதி நீட்டப்படும் தாளில் கையெழுத்திடாதீர்கள். அடிப்படை உரிமையைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்தாலும் அது சட்டப்படி செல்லாது. ஆனால் அந்தத் தாள் உங்கள் பிள்ளைகளுக்கு எதிராகப் பல ஆண்டுகள் காட்டப்படும்.

புதிதாக அமையும் எதுவும் ஊருக்கும் காலனிக்கும் இடையில், இரு பக்கமும் வாயிலுடன், பொதுச் சாலையை ஒட்டி அமைய வேண்டும் என்று கோருங்கள். சமத்துவபுரங்களில் எல்லாச் சாதியினருக்கும் பொதுவான திடலை அரசால் அமைக்க முடிந்திருக்கிறது. அதே கொள்கை பழைய கிராமத்துக்கும் பொருந்தும்.

இதற்கான வழிகள் நம் கையில் உள்ளன. ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. விருப்பக் கடமையைக் கடமையாக்கும் இடம் அதுவே. திடலின் இடத்தையும் வழியையும் பராமரிப்பையும் தீர்மானத்தில் எழுத வையுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்று செய்திகளைக் கேளுங்கள்: ஊராட்சிப் பொறுப்பில் உள்ள திடல்கள், பூங்காக்கள் எவை, அவை எந்தப் புல எண்ணில் உள்ளன, எந்தத் திட்ட நிதியில் அமைந்தன. அரசுப் பணம் ஒரு ரூபாய் இருந்தாலும் 15(2) உறுப்பு அங்கே வந்துவிடும். "அது கோயில் திடல், எங்கள் சாதித் திடல்" என்ற வாதத்துக்கு அந்த ஆவணமே பதில். பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதை எதிர்க்க, பெங்களூர் மருத்துவ அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் அளித்த தீர்ப்பு துணை நிற்கும்.

தடுத்தால், தடுத்த நாள், நேரம், சொன்ன சொல், உடனிருந்தவர் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். புகாரில் 3(1)(இசட்.ஏ.) பிரிவைக் குறிப்பிடுங்கள். முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 18ஏ பிரிவு சொல்கிறது. கடமை தவறும் அலுவலருக்கு 4ஆம் பிரிவு இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவின் கூட்டத்தில் திடல் பிரச்சினையையும் பொருளாகச் சேர்க்கக் கோருங்கள்.

ஓமந்தூராரின் ஆட்சியில் கோயில் கதவு சட்டத்தால் திறந்தது. அதே மாவட்டத்தில் எழுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு கோயில் பூட்டப்பட்டது. சட்டம் ஒருமுறை திறந்த கதவை மக்கள் நாள்தோறும் புழங்கித்தான் திறந்து வைத்திருக்க வேண்டும். வரும் கிராம சபையில் சாலையும் குடிநீரும் கேட்டு முடித்த பிறகு நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ இந்தக் கோரிக்கையையும் எழுப்புங்கள்: எங்கள் பிள்ளைகள் விளையாடும் இடம் எது, அதற்கு எந்த வழியாகப் போவது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது?